மேல்மாடியில் ஆடுகிறவள்

ஐப்பசி 5, வெள்ளி

விடிந்ததிலிருந்து தூறல். பிள்ளைத் துணி ஒன்றும் காயலை. அடுப்புக்கு மேலே கயிறு கட்டிப் போட்டேன். வீடு பூராவும் மூத்திர வாசமும் புகை வாசமும். பேரன் பிறந்த வீடு இப்படித்தான் மணக்கும், மணக்கட்டும்.

இன்றைக்குத் தியேட்டரில் படம் மாத்தம். தீபாவளிக்குப் புதுப்படம் வருகிற வரைக்கும் எதையாவது போட்டு ஒப்பேத்துவார் மேனேஜர். இந்தத் தடவை வெளிநாட்டுப் படம். காலைக் காட்சியும் பகல் காட்சியும் மட்டும். ராத்திரிக்குப் பழைய சாமி படம். (இனி கா.கா., ப.கா. என்று எழுதுவேன். கா.கா. என்றால் காக்கா இல்லை.)

போஸ்டரில் ஒரு வெள்ளைக்காரக் குட்டி. கொக்கு மாதிரி ஒத்தைக் காலில், அதுவும் கட்டைவிரல் நுனியில் நிற்கிறாள். "கால் நுனியில் ஆடும் கன்னியின் கதை" என்று கீழே எழுதியிருக்கு. பேலே டான்ஸாம். போஸ்டர் ஒட்டுகிறவனிடம், "பாவம்டா, குதிகால்ல முள்ளு ஏறியிருக்கு, எடுத்து விட்டுட்டு ஒட்டு" என்றேன். சிரித்த சிரிப்பில் பசை வாளியைக் கவிழ்த்துவிட்டான்.

பெண்கள் பக்கத்துக் கதவு என்னுடையது. டிக்கெட் கிழிக்கணும், சண்டை விலக்கணும், பிள்ளை அழுதால் ஆத்தாளோடு சேர்த்து வெளியே அனுப்பணும். அஞ்சாங் கிளாஸ் படிச்சவளுக்கு இது கலெக்டர் வேலை.

ரீல் வரத் தாமதம். டவுனில் இன்னொரு தியேட்டரிலும் இதே படம். ரெண்டுக்கும் ஒரே பெட்டி. அங்கே ஓடின ரீலைச் சாக்கில் கட்டி சைக்கிளில் இங்கே கொண்டு வரணும். மழைக்குப் பயந்து சைக்கிள்காரன் மொத்த ரீலையும் ஒண்ணாக் கட்டிக் கொண்டாந்தான். எல்லாம் நனைஞ்சு போச்சு. உள்ளே ஒரே விசில். ஆபரேட்டர் நாகசாமி அண்ணன் மேலே இருந்து வைதார். பாதி தமிழ், பாதி அவுக வீட்டுச் சௌராஷ்டிரம். "அண்ணே, ஒங்க பாஷையில வைதா கச்சேரி கேக்குற மாதிரி இருக்குண்ணே" என்றேன். அதுக்கும் ஒரு கச்சேரி.

மகள் ராணி இன்றைக்குக் காலையிலும் கஞ்சி குடிக்கலை. பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு முகட்டையே பார்த்துக்கொண்டு இருந்தாள். "ஆத்தா, மேல யாரோ நடக்குறாக" என்றாள். ஓட்டு வீட்டுக்கு மேலே யார் நடக்கிறது. "நடந்தா நடக்கட்டும்டி, மாசம் பொறந்தா வாடகை கேட்டு வாங்கிரு" என்றேன். நான்தான் சிரித்தேன். அவள் சிரிக்கலை. பிள்ளை பெத்த உடம்பு, தூக்கம் பத்தலை. அம்புட்டுத்தான்.

சுக்கு வாங்கணும். கிரசின் க்யூ நாளைக்கு.

ஐப்பசி 6, சனி

மழை இல்லை, ஆனால் இருட்டு.

வீட்டிலேயே அடைந்து கிடக்கிறாளே, ஒரு மாத்தமாக இருக்கட்டும் என்று ராணியையும் பயலையும் கா.கா.வுக்குக் கூட்டிப் போனேன். (பேரனுக்கு இன்னும் பெயர் வைக்கலை. அது அலங்காநல்லூர்ச் சம்மந்தி வீட்டு உரிமையாம். அதுவரைக்கும் பயல்.) கதவை ஒட்டின சீட்டில் உட்கார வைத்தேன். லைட்டை அணைத்ததும் நானும் பக்கத்தில் குந்திக்கொண்டேன்.

கதை, எனக்குப் புரிந்த மட்டும்:

அந்தப் பொண்ணு ஒரு பெரிய ஆட்டக் கம்பெனியில் ஆடுகிறாள். ஒல்லி. ஒரு வாய் சாப்பிட மாட்டேங்கிறாள். ஆட்டிவைக்கிற ஆள் ஒருத்தன், கம்பை வைத்துத் தரையில் தட்டிக்கொண்டே இருக்கிறான். அவன் மூஞ்சிக்கே ஒரு பூசை வைக்கணும்.

பாதிப் படத்தில் மொட்டை மாடி ஏறுகிறாள், விழுகிறாள், செத்துப் போகிறாள்.

செத்த பிறகும் வருகிறாள்! வீட்டில் தலை வாருகிறாள். ஆடுகிறாள். ஆத்தாகாரியிடம் மேலே கையைக் காட்டி என்னமோ பேசுகிறாள். ஆத்தாகாரி தன்பாட்டுக்குச் சிரித்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறாள். செத்தவள் பேச்சு எப்படிக் காதில் விழும்.

வீட்டுக்கு மேலே டொக், டொக், டொக் என்று கால் நுனியில் யாரோ ஆடுகிற சத்தம். மேலே மாடியே கிடையாது, மொட்டை வெளி.

அந்தச் சத்தம் வந்தபோது ராணி என் கையைப் பிடித்தாள். வளையல் உடைகிற மாதிரிப் பிடி.

"ஆத்தா, இதேதான். இதே சத்தம்தான்."

விளையாட்டுப் பேச்சு ஏதாவது வருமா என்று வாயைத் திறந்தேன். வரலை. பயல் மட்டும் நல்லாத் தூங்கினான்.

ஐப்பசி 7, ஞாயிறு

ஹவுஸ்புல். மேனேஜருக்குப் பல்லெல்லாம் வெளியே. பேய்ப்படம் என்று பழங்காநத்தம் பூராவும் பரவிவிட்டது.

படம் விட்டு வந்த பொம்பளைகள் பேச்சு, காதில் விழுந்தது விழுந்தபடி:

"ஆத்தி, எனக்கு மயிர்க்கால் எல்லாம் நட்டுக்கிருச்சுடி."

"அது என்னக்கா ஆட்டம், சுடுதரையில மிதிச்ச கோழி மாதிரி?"

"செத்தும் ஆடுறாளே, எம்புட்டு ஆசை இருந்திருக்கும் அவளுக்கு!"

"ஒருவாய் சோறு போட்டிருந்தா செத்திருக்க மாட்டா."

"காசுக்குக் கேடு." (இவள் ப.கா.வுக்குத் திரும்ப வந்தாள், நாத்தனாரையும் கூட்டிக்கொண்டு.)

டவுனில் இந்தப் படத்தைப் பார்த்த டீச்சரம்மா ஒருத்தர், தங்கச்சியைக் கூப்பிட வந்து கதவோரம் நின்றார். இந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு, "பேயா? அதுல பேயே கிடையாதேம்மா. அவ கடைசியிலதான சாகுறா" என்றார்.

"கடைசியிலயா? எங்க தியேட்டர்ல பாதியிலயே போய்ச் சேந்துட்டா டீச்சர். நீங்க தூங்கிட்டீகளோ?" என்றேன். க்யூவே கொல்லென்று சிரித்தது.

டீச்சரம்மா முகம் சிவந்துவிட்டது. "அது மனசு கெட்டுப்போன பொண்ணோட கதை. அந்தப் புள்ள எல்லார்கிட்டயும் சொல்லிப் பாக்குது, ஒருத்தரும் கேக்கலை. இதுல சிரிக்க என்ன இருக்கு?" என்று தங்கச்சியை இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

டீக்கடையிலும் இதே ரகளைதான். டவுனில் பார்த்தவர்கள் பைத்தியக் கட்சி. நம்மூரில் பார்த்தவர்கள் பேய்க் கட்சி. ரெண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். நானும் சும்மா இருக்கலை. வேப்பங்கொத்து ஒடித்து வந்து, "பயந்தவ எல்லாம் இப்படி வாங்கடி, போற வழிக்கு இலை தாரேன்" என்று ஆளுக்கொன்று கொடுத்தேன். மேனேஜர் பார்த்துவிட்டு, நாளையிலிருந்து பெண்கள் கதவில் வேப்பிலைத் தோரணமே கட்டச் சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்தேன். ராணி பயலைக் கட்டிப்பிடித்தபடி மூலையில் இருந்தாள். தொட்டிலில் போட மாட்டேங்கிறாள். பக்கத்து வீட்டுச் சௌராஷ்டிரக்காரி சரோஜா பாய் வந்து கேட்டதுக்கும் கொடுக்கலையாம். வளவில் எட்டு வீடு, எல்லாரும் எட்டி எட்டிப் பார்க்கிறார்கள்.

ஐப்பசி 9, செவ்வாய்

மழை. திண்டாட்டம்.

அலங்காநல்லூரிலிருந்து சம்மந்தியம்மா வந்துவிட்டார். மாப்பிள்ளையோடு, மோட்டார் சைக்கிளில், தலையில் உரச்சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு. வேறு நாளாக இருந்தால் அந்தச் சாக்கை வைத்தே ஒரு மாசம் சிரித்திருப்பேன்.

பேரனுக்கு முதல் தீபாவளி, அதுக்குள்ளே கூட்டிப் போகணும் என்று பேசத்தான் வந்தது. ராணி பிள்ளையைக் காட்டவே மாட்டேங்கிறாள். முந்தானைக்குள் மூடிக்கொள்கிறாள். அவர் காதில் மெள்ளச் சொன்னாள்: "அத்தே, சத்தம் போடாதீக. மேல அவ நின்னு கேக்குறா."

சம்மந்தியம்மா வெளியே வந்து என்னைப் பிடித்துக்கொண்டார்.

"பச்சை உடம்புக்காரிய பேய்ப்படத்துக்குக் கூட்டிப் போவாகளா? அந்தச் செத்தவ ஏறிட்டா."

"வெள்ளைக்காரிக்கு நம்ம ஊரு பஸ்ஸே தெரியாதே சம்மந்தி, எப்படி வந்திருப்பா?" என்றேன்.

யாரும் சிரிக்கலை. எனக்கே என் குரல் கேட்க நல்லா இல்லை.

"விளையாட்டு இல்லை. வெள்ளிக்கிழமை எங்க ஊர்க் கோடாங்கிட்டச் சொல்லிருக்கேன். உடுக்கை அடிச்சு, சாட்டையில நாலு இழுப்பு இழுத்தா அவளே பேரைச் சொல்லிட்டு இறங்கிருவா. எங்க கொழுந்தன் மருமகளுக்கு இறங்கலையா?"

அந்த மருமகளை எனக்குத் தெரியும். போன வருசம் கல்யாண வீட்டில் பார்த்தேன். நல்லாத்தான் இருக்கிறாள் என்கிறார்கள். கேட்டால் தலையாட்டுவாள். பேச்சு கிடையாது. இலை போட்டால் சாப்பிடுவாள், போடாவிட்டால் கேட்க மாட்டாள்.

மாப்பிள்ளை வாசலில் நின்று வண்டி சீட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தார். மழையில் நனைகிற சீட்டை எதுக்குத் துடைக்கணும்.

வெள்ளி காலை வருகிறார்களாம். ராணிக்கு இறங்கினால் கூட்டிப் போவார்கள். இறங்காவிட்டால் பயலை மட்டும் தூக்கிப் போவார்களாம்.

சோறு இறங்கலை.

ஐப்பசி 10, புதன்

எனக்கும் கேட்டது.

மத்தியானம், மழை விட்ட நேரம். ராணி கண்ணை மூடிக் கிடந்தாள். ஓட்டுக்கு மேலே டொக். ஒரு நிமிசம் கழித்து, டொக், டொக். சாமி பெயர் வாயில் வரலை. வெளியே ஓடிப் பார்த்தால், ஓட்டு மேலே ஒரு காக்கா, முறுக்கைக் கொத்திக்கொண்டு. அதைத் துரத்திவிட்டு உள்ளே வந்தேன். காக்கா போன பிறகும் ராணி முகட்டைத்தான் பார்த்தாள்.

"அது காக்காடி."

"இது காக்கா ஆத்தா. அது வேற" என்றாள். சாதாரணமாக, விலாசம் சொல்கிற மாதிரி.

ப.கா. இடைவேளையில் நாகசாமி அண்ணனுக்கு டீ கொண்டு போனேன். மனசு சரியில்லாததைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டார். எல்லாம் சொன்னேன். படத்தால்தான் வந்தது என்று சம்மந்தி சொல்வதையும் சொன்னேன். அவர் டீயைக் கீழே வைத்துவிட்டார்.

"ஒச்சம்மா, இது வெளிய போகக் கூடாது. அந்தப் படத்துல பேயே இல்ல."

"என்னண்ணே சொல்றீக?"

"ரீல் டப்பா மூடியில சாக்பீஸ்ல நம்பர் போட்டிருப்போம்ல. அன்னைக்கு மழையில அழிஞ்சு போச்சு. பழைய பிரிண்ட்டு, பிலிம் நுனியில இருந்த நம்பரும் கிழிஞ்சு போச்சு. சனம் விசில் அடிக்குது. குத்துமதிப்பா மாட்டிட்டேன். கடைசி ரீலு நடுவுல போயிருச்சு, முன்னால வரவேண்டியது பின்னால வந்திருச்சு."

"அப்ப அவ செத்தப்புறம் வர்றது?"

"சாகுறதுக்கு முந்தி வந்தது. மறுநாளே மேனேஜர்கிட்டச் சொன்னேன். கூட்டம் வருது, இப்படியே ஓட்டுன்னுட்டார்."

எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. ஊரே வேப்பிலை சொருகிக்கொண்டு போனதே! கொஞ்ச நேரம் விடாமல் சிரித்தேன். நாகசாமி அண்ணன் சிரிக்கலை. "ஒன் மகளுக்கு என்ன பண்ணப் போற?" என்று கேட்டார். சிரிப்பு எங்கே போச்சு என்று தெரியலை.

நாளைக்குப் படக் கம்பெனி ஆள் வசூல் பார்க்க வருகிறானாம். அதனால் நாளைக்கு மட்டும் சரியாக ஓட்டுவாராம்.

ஐப்பசி 11, வியாழன்

எழுத்துக் கோணினால் கோணட்டும்.

கா.கா. ஆரம்பத்திலேயே கதவை ஒட்டி நின்று பார்த்தேன். சரியான வரிசை. முதலிலேயே அந்த இடம் வந்துவிட்டது. பொண்ணு உயிரோடு இருக்கிறாள். ஆத்தாகாரியிடம் மேலே கையைக் காட்டிச் சொல்கிறாள். இங்கிலீஷ் எனக்குத் தெரியாது, ஆனால் என்ன சொல்கிறாள் என்று தெரியும். ஆத்தாகாரி அவள் நாடியைப் பிடித்து ஆட்டிச் சிரித்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறாள்.

செத்தவ பேச்சுக் கேக்கலை என்று நினைத்திருந்தோம். உயிரோடு இருக்கிறவள் பேச்சு அது.

ராணி எப்போ சொன்னாள்? வெள்ளிக்கிழமை காலையில், கஞ்சி முன்னால் வைத்துக்கொண்டு. படம் பார்த்தது சனிக்கிழமை. படம் பார்த்துத்தான் பிடித்தது என்று சம்மந்தி சொல்ல, வளவே சொல்ல, நானும் ஆமாம் என்று கிடந்தேன். நாங்களும் ரீலை மாத்தித்தான் மாட்டியிருக்கிறோம்.

கதவை முறுக்குக்காரியிடம் விட்டுவிட்டு ஓடினேன். மழை. செருப்பு ஒன்று சகதியில் போச்சு. எடுக்கலை.

வீட்டில் ராணி தகரப் பெட்டி மேலே உட்கார்ந்திருந்தாள். கல்யாணத்துக்கு வாங்கின பெட்டி. கையை மடியில் கட்டிக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருக்கிற மாதிரி. தொட்டில் காலி.

"பயல் எங்கடி?"

வாயில் விரலை வைத்தாள். "மெதுவாப் பேசு. அவளுக்குக் கேட்டுரும்."

எனக்கு முதலில் கிணறுதான் ஞாபகம் வந்தது. வளவுக் கிணற்றுக்கு ஓடி எட்டிப் பார்த்தேன். தண்ணியில் என் மூஞ்சியும் மழைத் துளியும். சரோஜா பாய் என்ன என்ன என்று கத்துகிறாள். திரும்ப உள்ளே வந்தேன். அவள் இன்னும் அதே இடத்தில், அதே மாதிரி.

அப்போதுதான் தும்மல் கேட்டது. பெட்டிக்குள்ளே இருந்து.

அவளைத் தள்ளினேன். என் மகளை நான் தள்ளினது அதுதான் முதல் தடவை. மூடியைத் திறந்தால் சேலைகளுக்கு நடுவே பயல். சிவந்து, வேர்த்து, கண்ணை முழித்துக்கொண்டு. மூடியோரத்தில் ஒரு சேலை மாட்டி இருந்தது. அந்த இடைவெளியில் காத்துப் போயிருக்கு. அம்புட்டுத்தான் இடைவெளி, ஒரு விரல் அகலம்.

தூக்கி நெஞ்சோடு வைத்தேன். அழுதான். அழுகைச் சத்தம் கேட்டுத்தான் எனக்கு மூச்சு வந்தது.

ராணியும் அழுதாள். "அவ கீழ இறங்கி வாரா ஆத்தா. பிள்ளையத் தா தான்னு கேக்குறா. அதான் ஒளிச்சு வச்சேன். நான் மேல உக்காந்துட்டா அவளால தொறக்க முடியாதுல்ல?"

பயலைச் சரோஜா பாயிடம் கொடுத்தேன். ராணிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். சிரிக்கலை. அழவும் இல்லை.

"எப்ப இருந்துத்தா கேக்குது?"

பிள்ளை பிறந்து தீட்டுக் கழிக்கிறதுக்கு முந்தியே கேட்டதாம். முதலில் ஒரு கால் சத்தம். அப்புறம் ரெண்டு கால். அப்புறம் பேச்சு. "ஒன்ட்ட எத்தன தடவ சொன்னேன். நீ சிரிச்ச. ஊரையே சிரிக்க வைக்கிறவ, இதுக்கும் சிரிச்சிட்டன்னு நினைச்சேன்."



ஐப்பசி 12, வெள்ளி

வானம் வெளுத்திருந்தது.

காலையில் ஒரு பைக்குள் ரெண்டு சேலை, டம்ளர், தட்டு. பெரியாஸ்பத்திரி வெளிநோயாளிச் சீட்டுக்கு வெரசாப் போய் நிற்கணும். பயலுக்குச் சரோஜா பாய் பொறுப்பு. அவள் வீட்டிலேயே பால் காய்ச்சிப் போத்தலில் கொடுக்கிறாள். அவள் பாஷையில் கொஞ்சினால் பயல் சிரிக்கிறான்.

கிளம்பும்போது சம்மந்தியம்மாவும் மாப்பிள்ளையும் வந்துவிட்டார்கள். நேற்று நடந்ததை யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"பிள்ளையப் பெட்டிக்குள்ள வச்சிருக்கா. இன்னமும் பேய் இல்லைங்கிறீகளா?"

"இல்லை சம்மந்தி. சீக்கு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போறேன்."

"ஆஸ்பத்திரிக்கா? பைத்தியம்னு சீட்டு எழுதிக் குடுத்துருவான். அப்புறம் எங்க குடும்பத்துல ஒரு நல்லது கெட்டதுக்கு யார் வருவா? பேய்னா இறங்கிரும், போயிரும். பைத்தியம்னா பேரு நிக்கும்."

அவர் சொன்னதிலும் ஒரு நியாயம் இருக்கு, அதுதான் பயம். ஊரில் பேய் பிடித்தவளைத் திரும்பச் சேர்த்துக்கொள்வார்கள். இந்த ஆஸ்பத்திரிக்குப் போனவளைச் சேர்ப்பார்களா, தெரியாது. ராத்திரி பூராவும் அதைத்தான் நினைத்தேன். பேர் நிக்கட்டும், என் மகளும் நிக்கணும்.

"சாட்டை அவ மேல படக் கூடாது" என்றேன். "எம் மகளத் தொட்டா நான் தொடுவேன்."

இம்புட்டுக் காலமும் என் வாயிலிருந்து இப்படி ஒரு பேச்சு வந்ததில்லை. இதுவும் ஏதோ கேலி என்று நினைத்துச் சிரிக்கக் காத்திருந்தவர்கள் முகம் எல்லாம் மாறினது.

"அப்ப தீபாவளிக்கு மட்டுமில்ல, எப்பவும் அவ அந்தப் பக்கம் வர வேண்டாம்" என்றார் சம்மந்தியம்மா. பயலைக் கேட்டார். சரோஜா பாய் கதவைத் தாழ் போட்டுக்கொண்டாள்.

மாப்பிள்ளை பையை வாங்கிக்கொண்டார். பஸ் நிறுத்தம் வரைக்கும் தூக்கி வந்தார். "அத்தை, சரியாயிருமா?" என்று ஒரே ஒரு கேள்வி. தெரியலை மாப்பிள்ளை என்றேன். பஸ் வந்ததும் பையைக் கொடுத்துவிட்டு அம்மா நிற்கிற பக்கம் போய்விட்டார்.

டாக்டரம்மா சின்ன வயசு. ராணியைப் பேச விட்டார். நடுவில் சிரிக்கலை, அதட்டலை. பிள்ளை பெத்த சில பொம்பளைகளுக்கு இப்படி வருமாம். பேயும் இல்லை, படமும் இல்லை. மருந்தும் தூக்கமும் வேணும். குணமாகிறவர்கள்தான் நிறையவாம். ஆனால் இப்போதைக்குப் பிள்ளையோடு தனியாக ஒரு நிமிசம்கூட விடக் கூடாது.

"முதல்லயே கூட்டிட்டு வந்திருக்கலாமே, ஏன் இவ்வளவு நாள்?" என்று கேட்டார்.



படுக்கை போட்டார்கள். பொம்பளை வார்டு, ஜன்னலோரம். ஊசி போட்டதும் தூங்கினாள். தூங்கும்போதும் விரல் அசைகிறது, எதையோ பிடிக்கிற மாதிரி.

ஐப்பசி 14, ஞாயிறு

வெயில். ஆஸ்பத்திரி வாசம் துணியில் ஏறிவிட்டது.

ராணி: ரெண்டு இட்லி. பாதி டம்ளர் பால். அதிகம் தூக்கம்.

பக்கத்துக் கட்டில்காரி தலையைச் சுவரில் இடிப்பாள், கட்டி வைத்திருக்கிறார்கள். ராணியும் இப்படி ஆகிவிடுவாளோ என்று பார்க்க மாட்டேன், பார்க்க மாட்டேன் என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன். சாட்டையிலிருந்து தப்பித்து எங்கே கொண்டுவந்து போட்டேன் என்று ஒரு நேரம் தோன்றுது. டாக்டரம்மா முகத்தைப் பார்த்தால் போய்விடுது. அவர் வார்டைத் தாண்டினால் திரும்ப வந்துவிடுது.

நாகசாமி அண்ணன் ரொட்டி வாங்கி வந்தார். மாத்தி ஓட்டினது தெரிந்து கம்பெனி ஆள் வைத வசவில் இப்போ சரியான வரிசையில்தான் ஓட்டுகிறாராம்.

"இப்ப என்ன சொல்லுது சனம்?" என்றேன்.

"பேயைக் காணோம், காசைத் திருப்பிக் குடுங்குது. ஒருத்தன் திரையில செருப்பு வீசிட்டான். ஒருத்தி மட்டும் படம் விட்டும் எந்திரிக்கலை. ரொம்ப நேரம் உக்காந்து அழுதுட்டுப் போனா. எதுக்குன்னு கேக்கலை."

ராணியைப் பார்க்கணும் என்று வந்தவர், கட்டில் பக்கம் போய் நின்றார். போர்வையைச் சரிபண்ணிவிட்டுப் போய்விட்டார்.

மேனேஜர் கதவுக்கு வேறு ஆள் போட்டுவிட்டாராம். தீபாவளிப் படத்துக்குக் கூட்டம் தள்ளும். போகட்டும்.

ஐப்பசி 15, திங்கள்

நாளைக்குத் தீபாவளி. காலையிலிருந்தே வெளியே வெடி. ஒவ்வொரு வெடிக்கும் வார்டில் யாராவது ஒருத்தி அலறுகிறாள்.

மாப்பிள்ளை வந்தார், தனியாக. பயலுக்கு ஒரு சட்டை, ராணிக்கு ஒரு சேலை. "அம்மாவுக்குத் தெரியாது அத்தை" என்றார். ராணி தூங்கிக்கொண்டிருந்தாள். கால்மாட்டில் உட்கார்ந்து அவள் பாதத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அடுத்த வாரம் வாரேன் என்றார். வருவாரா, தெரியாது. சேலை நல்ல மயில் பச்சை.

அவர் போன பிறகு முழித்தாள். முகம் கழுவிவிட்டேன். தலை வாரிச் சடை போட்டேன். பயல் எங்கே என்று அவளாகவே கேட்டாள். சரோஜா பாயிடம் இருக்கான், பால் குடிக்கான், பத்திரம் என்றேன். சரி என்று தலையை ஆட்டினாள். அப்புறம் நெடுநேரம் முகட்டைப் பார்த்தாள். இங்கே ஓடு இல்லை, காரை. மேலே நிசமாகவே ஒரு மாடி இருக்கு, ஆம்பளை வார்டு. கட்டிலை இழுக்கிற சத்தம் கேட்கத்தான் செய்யும். எது அது, எது இது என்று எனக்கு எப்படித் தெரியும்.

வாய்க்கு வந்த கேலியை முழுங்கிவிட்டு, "கேக்குதாத்தா?" என்றேன்.

கொஞ்சம் யோசித்தாள்.

"கேக்குது. ஆனா மேல இல்ல ஆத்தா. எங்கிட்டோ தெருவுல நடக்குற மாதிரி இருக்கு."

"தூரத்துலயா?"

"தூரத்துலதான்" என்றாள். காதைச் சாய்த்துக் கேட்டாள். நானும் சாய்த்தேன். "போறாளா வாராளான்னுதான் தெரியல."